அப்பய்யாவுக்கு மட்டும்

தம்பிக்கு மறுபடியும் காய்ச்சல் வந்துவிட்டது.

பாலாமணி அவன் காலைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பில் வைத்த சட்டி போலச் சுட்டது. தண்ணீர் வற்றிய கண்மாயில் விளையாடப் போய்க் கருவேல முள் ஏறிய கால். ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்போது பாதம் முழுவதும் வீங்கிப் பளபளத்தது.

"பெரியவரே, ரெண்டு மடக்கு கஞ்சி குடிங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

பெரியவருக்கு வயது ஆறு. தாத்தாவின் பெயரான அப்பய்யாவை அவனுக்கு வைத்திருந்தார்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பது அந்த நெசவாளர் தெருவின் வழக்கம். அதனால் அம்மா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கோபம் வந்தால்கூட, "பெரியவரே, தோலை உரிச்சிருவேன்" என்பாள்.

பெரியவர் கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா மாடத்தைப் பார்த்தாள். வெறும் காகிதம்தான் கிடந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை மடித்துக் கொடுத்த காகிதம். பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான மாத்திரைகள். போன தடவை அதைத் தின்ற இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டிருந்தது. தம்பி நொண்டியடித்தபடி தெருவைச் சுற்றினான். மீதி மாத்திரைகள் மாடத்தில் சும்மா கிடந்தன.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் வந்தாள். அவள் மகன் லிங்கத்துக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும். அம்மா யோசிக்கவே இல்லை. தறிக்கான நீள நூலை, பாவை, தெருவில் விரித்துக் கஞ்சி போடும் விடியற்காலைகளில், முதலில் வந்து கயிறு பிடிப்பது சந்தனம்மாள் வீடுதான். அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள். ஒரு வீடு மற்ற வீட்டுக்குக் கை கொடுக்காவிட்டால் அங்கே தறி ஓடாது. மாத்திரையும் அப்படித்தான் என்று நினைத்தாள் அம்மா. மீதியை எல்லாம் பாலாமணியின் உள்ளங்கையில் வைத்து அனுப்பினாள்.

இப்போது சந்தனம்மாள் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. லிங்கத்துக்கு அம்மை என்றார்கள். யாரும் அந்தப் படி ஏறவில்லை.

அப்பா நூல் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பாலாமணி பின்னால் ஓடினாள்.

"இங்க பாரு. டாக்டரம்மா கேட்டா, எல்லா மாத்திரையும் தின்னுட்டான்னு சொல்லணும்."

"ஏம்மா?"

"அடுத்த வீட்டுக்குக் குடுத்தோம்னு தெரிஞ்சா, இனி மருந்தே தர மாட்டாக. நீ வாயைத் திறக்காத."

டாக்டரம்மா தம்பியின் காலை லேசாக அழுத்தினார். அவன் போட்ட அலறலில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"குடுத்த மாத்திரை எல்லாம் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்து.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "எல்லாம் சாப்பிட்டும் இப்படின்னா, அந்த மருந்து இவனுக்குக் கேக்கலை. உடனே மதுரைக்குக் கொண்டு போங்கம்மா. காலைக் காப்பாத்த முடியுமான்னு அங்கதான் பாக்கணும்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பாலாமணிக்கு. தறி மிதிக்க வேண்டிய கால் அது. கால் போனால் தம்பி என்ன செய்வான்? உண்மையைச் சொன்னால் மருந்து கிடைக்காது என்கிறாள் அம்மா. சொல்லாவிட்டால்?

"டாக்டரம்மா, அவன் எல்லாத்தையும் சாப்பிடலை" என்றாள் பாலாமணி.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பாலாமணி சுவரைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொல்லி முடித்தாள்.

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "அந்தப் பையன் லிங்கம் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"அவனுக்கு அம்மை. மூஞ்சியெல்லாம் சிவந்து தடிச்சிருக்காம்."

"மாத்திரை சாப்பிட்ட பிறகா?"

"ஆமா..." பாலாமணி தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "அது அம்மையா, மாத்திரை ஒத்துக்காம வந்ததான்னு நான் பாக்கணும். வாசல்ல நிக்கிற குதிரை வண்டியில ஏறிப் போய் அவனைக் கூட்டிட்டு வா. இன்னொரு மாத்திரை அவன் வாயில விழக்கூடாது!"

பாலாமணி சந்தனம்மாள் வீட்டு வேப்பிலையை விலக்கிக்கொண்டு நுழைந்தாள்.

"உள்ள வராத, புள்ள! ஆத்தா வந்திருக்கா!" என்று சந்தனம்மாள் கத்தினாள்.

"ஆத்தா இல்ல சித்தி. எங்க வீட்டு மாத்திரை!"

பாலாமணியின் வகுப்பில் படிக்கும் லிங்கம் பாயில் கிடந்தான். உதடு பணியாரம் போல வீங்கியிருந்தது. மூச்சு விசில் அடித்தது. "வீட்டுப் பாடமா கொண்டாந்திருக்க?" என்று முனகினான்.

"இப்பவும் மாத்திரை குடுக்கிறீங்களா, சித்தி?"

சந்தனம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "ஆத்தா வந்த வீட்டுல மருந்து குடுக்கக் கூடாதுதான். காய்ச்சல் விடலையேன்னு... யாருக்கும் தெரியாம காலையிலகூட ஒண்ணு..."

"மிச்சத்தை என்கிட்ட குடுங்க. இவனைத் தூக்குங்க."

ஆஸ்பத்திரியில் லிங்கத்துக்கு உடனே ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் நின்றது.

"இந்த மருந்து உன் பிள்ளைக்கு ஆகாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா. அம்மாவிடம், "நல்லவேளை, உன் மக உண்மையைச் சொன்னா. மருந்து தோக்கலை, நீங்கதான் பாதியில நிறுத்திட்டீங்க. இப்ப மதுரைக்கு வேண்டாம். சீழை எடுத்துட்டு, இங்கேயே படுக்க வச்சு மருந்தை முதல்ல இருந்து குடுப்போம்" என்றார்.

சந்தனம்மாள் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா மறு கோடியில். இனி யார் பாவுக்கு யார் வருவார்கள் என்று பாலாமணி கலங்கினாள்.

தம்பியின் வீக்கம் வடிந்து வீடு திரும்பும் நாள் வந்தது. லிங்கத்துக்கும் அன்றுதான் வேறு மாத்திரை கொடுத்தார்கள். மருந்து கொடுப்பவர் ஜன்னல் வழியாக இரண்டு பொட்டலங்களை நீட்டினார்.

"இது லிங்கத்துக்கு." சந்தனம்மாள் வாங்கிக்கொண்டாள்.

"இது யாருக்கும்மா? பேரைச் சொல்லி வாங்குங்க."

பாலாமணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பய்யாவுக்கு" என்றாள், வராந்தா முழுவதும் கேட்கும்படி. "அப்பய்யாவுக்கு மட்டும். கடைசி மாத்திரை வரைக்கும்."

சந்தனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஏ வெங்கடம்மா, மாமனார் பேரை இப்படியா ஆஸ்பத்திரியில கூவுவ? நாளைக்குப் பாவுக்கு வாரேன், தெருவுக்கே சொல்றேன் பாரு!"

கட்டுப் போட்ட காலோடு பெஞ்சில் இருந்த தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"அம்மா, என்னையா கூப்பிட்ட?"