தொங்கானுக்கு ஒரு ரேடியோ

கடைக்குள் நுழைந்த உடனே சந்திரமதியின் அப்பா தம்பிராஜா அந்தப் பெரிய ரேடியோவிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டார். மெருகேற்றிய மரப்பெட்டி, தங்க நிறத்தில் வலைத்துணி, உள்ளே பச்சை விளக்கு. பாட்டே கேட்காவிட்டாலும் பரவாயில்லை, சும்மா பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்ற வைக்கும் ரேடியோ அது.

சந்திரமதிக்குப் பத்து வயது. அவளும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றாள். காஜா பேராங்கில் அவர்கள் தெருவில் ஒரு வீட்டிலும் ரேடியோ கிடையாது. எங்கோ கோலாலம்பூரில் உட்கார்ந்து ஒருவர் பேசுகிறார், அது அப்படியே மலாக்காவில் ஒரு கடைக்குள் வந்து கேட்கிறது. இது எப்படி என்று அவளுக்கு யார் சொல்லியும் புரியவில்லை. புரியாததாலேயே இன்னும் அதிசயமாக இருந்தது.

ஆனால் அவர்கள் ரேடியோ வாங்க வந்தது வீட்டுக்கு இல்லை, படகுக்கு.

மலாக்காவில் கரையோரக் கடலுக்கு ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். தொங்கான் என்ற அகலமான மரப்படகுகள் அங்கே போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு ஆற்றுக்குள் வரும். அப்படி ஒரு தொங்கானுக்கு தம்பிராஜாதான் தண்டல், அதாவது தலைவர்.

ஆகஸ்டு மாதக் கடைசி நாளில் நாடு சுதந்திரம் அடையப்போகிறது. கோலாலம்பூரில் காலையில் அதை அறிவிப்பார்கள், ரேடியோவில் நேரடியாகக் கேட்கலாம். அந்த நாள் பார்த்து இந்தியாவிலிருந்து ஒரு வெங்காயக் கப்பல் வருகிறது. சுதந்திரம் வரட்டும், பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று வெங்காயத்திடம் சொல்ல முடியுமா? அது பாட்டுக்கு அழுகிவிடும்.

தொங்கான் ஆட்கள் முறுக்கிக்கொண்டார்கள். நாடே கூடிக் கேட்கும்போது நாங்கள் மட்டும் கடலில் மூட்டை தூக்க வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடலிலேயே எல்லோரையும் கேட்க வைக்கிறேன் என்று தம்பிராஜா வாக்குக் கொடுத்தார். அதன் பிறகுதான் சம்மதித்தார்கள். ரேடியோ வாங்க ஆளுக்குக் கொஞ்சம் காசும் போட்டார்கள். இனி அந்த அறிவிப்பை அவர்கள் கேட்காமல் போனால் அப்பா யார் முகத்திலும் விழிக்க முடியாது. சந்திரமதிக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்பா மரப்பெட்டியைத் தடவிக்கொண்டே விலை கேட்டார். கடைக்காரர் ஜெய்னுலாப்தீன் சொன்ன விலையைக் கேட்டு எச்சிலை விழுங்கினார். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

சந்திரமதி பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து ஒரு கம்பி சுவருக்குப் போனது.

"மாமா, இது நடுக்கடல்ல எப்படிப் பாடும்? அங்க கரண்டு இல்லையே."

ஜெய்னுலாப்தீன் இருமுகிற மாதிரி சிரித்தார். படகுக்கு என்று முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டுவிட்டு, பேட்டரியில் பாடும் ரேடியோக்கள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார்.

ஒன்று புத்தம் புதியது. குங்குமச் சிவப்பு நிறம், முகம் முழுக்கக் கண்ணாடி. மற்றொன்றை ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போயிருந்தார். மூடியும் தோல் கைப்பிடியுமாகச் சின்னப் பயணப்பெட்டி போல இருந்தது. மேலே ஒட்டிய பச்சைத் துணி அங்கங்கே உரிந்து தொங்கியது. அப்பாவின் கண் எதன் மேல் போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

படகில் கூரை இல்லையே, இரண்டையும் வெயிலில் வைத்துப் பார்க்கலாமா என்று சந்திரமதி கேட்டாள். இப்படிக் கேட்ட முதல் ஆள் நீதான் என்று சொல்லிக்கொண்டே ஜெய்னுலாப்தீன் இரண்டையும் வாசலுக்குத் தூக்கி வந்தார்.

வெயிலில் சிவப்பு ரேடியோ கண்ணைக் கூச வைத்தது. அதன் கண்ணாடியில் அப்பாவின் மீசை தெளிவாகத் தெரிந்தது, நிலையத்தின் எண் மட்டும் தெரியவில்லை. பின்பக்கம் வரிசையாக ஓட்டைகள். ஒரு அலை தெறித்தால் போதும், தண்ணீர் நேராக உள்ளே போய்விடும்.

பழைய ரேடியோவின் மூடியைத் திறந்ததும் அந்த நிழலிலேயே எண்கள் தெரிந்தன. மூடினால் சந்து இல்லாமல் மூடிக்கொண்டது. சத்தமும் குறைவில்லை. எதிரே சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று பாட்டைக் கேட்டார்.

"இதுதான்பா படகுக்கு. அழகு இல்லன்னா என்ன, நம்ம கேக்கத்தானே போறோம்?" என்றாள் சந்திரமதி.

அப்பா சிவப்பு ரேடியோவைக் கடைசியாக ஒரு முறை பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு பச்சைப் பெட்டிக்குப் பணம் கொடுத்தார். கையில் மீந்ததில் கூடுதலாக ஒரு பேட்டரியும் வாங்க முடிந்தது.

வீட்டில் அம்மா ருக்மணி அந்த உரிந்த பெட்டிக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டினாள். தொங்கான் ஆட்களோ அதைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவரான பொன்னுதுரை, இது ரேடியோவா வெற்றிலைப் பெட்டியா என்று கேட்டார். நம் காசில் சின்னப்பிள்ளை பேச்சைக் கேட்டு வாங்கினால் இப்படித்தான் என்று முணுமுணுக்கவும் செய்தார்.

அந்த நாள் வந்தது. நிலையத்தைச் சரியாகப் பிடிக்க சந்திரமதியின் விரலுக்குத்தான் தெரியும் என்பதால் அப்பா அவளையும் அழைத்துப் போனார். மூட்டை தூக்கும் தடித்த விரல்கள் குமிழைத் தொட்டால் நிலையம் எங்கேயோ ஓடிவிடும்.

தொங்கான் ஆற்றைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்தது. அவள் மெதுவாகக் குமிழைத் திருப்பினாள். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே ஒரு பேண்டு வாத்தியம் கேட்டது. பிறகு ஒரு குரல். கோலாலம்பூரில் மழை பெய்ததால் விழா தொடங்கச் சற்றுத் தாமதமாகும், அரங்கமே நிரம்பி வழிகிறது என்றது அந்தக் குரல்.

படகில் பேச்சு நின்றுவிட்டது. சந்திரமதி சுற்றிலும் பார்த்தாள். தண்ணீரும் வானமும்தான் இருந்தன. அங்கே பெய்த மழையின் சேதி இவ்வளவு கடலையும் தாண்டி அவள் மடியைக் கண்டுபிடித்து வந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் வெங்காயக் கப்பல் எதிரே வந்தது. இரும்புச் சுவராக உயர்ந்து நின்ற அதன் பக்கத்தில் தொங்கானைச் சேர்த்துக் கட்டினார்கள். கப்பலின் பாரந்தூக்கி மூட்டைகளைக் கயிற்று வலையில் வைத்து இறக்கத் தொடங்கியது.

ரேடியோ உஸ் என்றது. குரலைக் காணோம்.

சந்திரமதி குமிழைத் திருப்பிப் பார்த்தாள். அப்பா ஓடிவந்து புதுப் பேட்டரி போட்டார். அப்போதும் உஸ்தான். ஆட்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். யாரும் திட்டவில்லை, ஆனால் அப்பாவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. இந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தானே.

வரும் வழியெல்லாம் நன்றாகப் பாடியதே என்று யோசித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலை விட்டுத் தள்ளியிருந்த மூலைக்கு நடந்தாள். கொசு பாடுகிற மாதிரி ஒரு குரல் கேட்டது. திரும்பக் கப்பல் பக்கம் வந்தாள். குரல் செத்துவிட்டது. அவள் அண்ணாந்து அந்த இரும்புச் சுவரைப் பார்த்தாள்.

"அப்பா, ரேடியோ கெட்டுப்போகல. இந்தக் கப்பல்தான் மறைக்குது."

தொங்கானை அவிழ்த்துத் தள்ளிப் போகலாம் என்றால் பாதி மூட்டை ஏறியிருந்தது, பின்னால் இன்னொரு தொங்கானும் நெருக்கிக்கொண்டு நின்றது. நகர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்போது காலியான கயிற்று வலை அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. சந்திரமதி அதையே பார்த்தாள்.

"அப்பா, அதுல வச்சு மேல ஏத்திட்டா?"

தம்பிராஜா தயங்கினார். கயிறு நழுவினால் ரேடியோ கடலுக்குள். அது அவருடைய காசு மட்டும் இல்லையே. அவர் தன் ஆட்களைப் பார்த்து, விழுந்தாலும் விழலாம், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

பொன்னுதுரை தன் தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினார்.

"கயிறு வழுக்கும், தண்டல். இதை வச்சு நல்லா இறுக்கிக் கட்டுங்க."

வலை மறுபடி கீழே இறங்கியதும் அப்பா மூடியைத் திறந்து வைத்து, துண்டாலும் கயிற்றாலும் பெட்டியை வலையில் கட்டினார். சந்திரமதி சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். அப்பா கையைச் சுழற்றிக் காட்டியதும், மேலே கப்பலில் இருந்தவர் பாரந்தூக்கியை இயக்கினார்.

பச்சைப் பெட்டி ஆடி ஆடி மேலே போனது. உஸ் என்றது. இன்னும் மேலே போனது. இன்னும் உஸ். கப்பலின் விளிம்பைத் தாண்டியதுதான் தாமதம், வானத்திலிருந்து ஒரு மனிதர் பேசுகிற மாதிரி குரல் கீழே இறங்கியது.

பாரந்தூக்கி நின்றது. கப்பல் ஆட்கள் விளிம்புக்கு ஓடி வந்தார்கள். பின்னால் நின்ற தொங்கானிலும் வேலை நின்றது. மேலேயிருந்து அந்தக் குரல் மலாயில் சுதந்திரப் பிரகடனத்தை நிதானமாக வாசித்தது. அலை கப்பலில் மோதும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

பிறகு "மெர்டேக்கா" என்றது குரல், விடுதலை என்று அர்த்தம். ஆயிரமாயிரம் பேர் அதைத் திருப்பிச் சொன்னார்கள். மறுபடியும் "மெர்டேக்கா". இந்த முறை தொங்கான்களில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பொன்னுதுரைக்குக் கண்ணில் நீர் வழிந்தது, அதைத் துடைக்கத் தலைத்துண்டு கையில் இல்லை. தேசிய கீதம் ஒலித்தபோது, ஆடுகிற படகில், வெங்காய மூட்டைகளின் மேல், எல்லோரும் நேராக நின்றார்கள்.

சந்திரமதி அண்ணாந்தபடியே நின்றாள். ஒரு நாடு பிறக்கிற சத்தத்தை அவள் கேட்டுவிட்டாள். அது அவ்வளவு சின்னப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

பாட்டு முடிந்தது. பாரந்தூக்கிக்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, இறக்கட்டுமா என்று கையால் கேட்டார். ஆட்கள் தண்டலைப் பார்த்தார்கள். தண்டல் மகளைப் பார்த்தார்.

"நீயே சொல்லும்மா. எறக்கலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்பா" என்றாள் சந்திரமதி.

அப்பா மேலே பார்த்து, வேண்டாம் என்று கையசைத்தார்.