சங்கிலியில் மூன்றாவது பெயர்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மேலாளர், அவருடைய செயலாளர், என் தம்பியின் மனைவி, நான். பிறகு வந்தவர் கிடங்குக் காவலர். வேறு யாரையும் நான் கண்ணால் பார்க்கவில்லை.

முப்பது நாடுகளில் கிளை உள்ள நிறுவனம். தீயோ வெள்ளமோ வந்தாலும் வேலை நிற்காமலிருக்க ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் தொலைபேசிச் சங்கிலி என்று ஒன்று. மேலாளர் செயலாளரை அழைக்க வேண்டும். செயலாளர் என் தம்பியை. தம்பி கீழ்த்தளத்துக் கிடங்குக் காவலரை.

இரண்டு வருடங்களுக்கு முன் தீப்பிடித்தபோது தம்பி மாடிப்படியில் புகையில் மூச்சுத் திணறி இறந்தான். காவலர் பிழைத்தார். அவர் தானாகவே வெளியேறினாராம். தம்பி யாரையும் அழைக்காமல் ஓடினானாம். அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. கோப்பை மூட அவன் மனைவி அதில் கையெழுத்திட வேண்டுமாம்.

"எங்க வீட்ல யாரும் வேலைய விட்டுட்டு ஓடினதில்ல" என்றேன்.

"ஒரே ஒரு வரிதான் பெரியவரே" என்றார் மேலாளர்.

"அந்த ஒரு வரிய உங்கப்பா பேருக்குப் பக்கத்துல எழுதுங்க, பாப்போம்."

பதினொரு மணிக்கு அந்தத் திட்டத்தின் ஒத்திகைக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். கனத்த திரைகளுக்குள் அறை இருண்டது. குளிர்பதனப் பெட்டியின் முனகல் அடங்கியது. மேலாளர் கைப்பேசியில் செயலாளரை அழைத்தார். அவள் டார்ச் வெளிச்சத்தில் பட்டியலைப் புரட்டினாள், கை நின்றது.

"சார்... அடுத்த பேரு இன்னும் அவருதான்."

"போன மாசம்தானே புதுப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டேன்?"

"படிச்சுட்டா போட்டீங்க?"

"சரி சரி. சங்கிலி இங்க அறுந்துடுச்சுன்னு எழுதிக்க."

அவள் எழுதினாள். காவலரின் எண்ணை யாரும் தட்டவில்லை.

கருகிய ரப்பர் வாடை வந்தது.

படியில் காலடி. மெதுவாக. நின்று, நின்று.

கதவு திறந்தது. காவலர். முகத்தில் ரத்தமே இல்லை.

"கிடங்கு ஃபோன் அடிச்சுது சார். வரச் சொன்னாங்க."

"யாரு?"

காவலர் தம்பி மனைவியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"அவருதான். 'லிஃப்ட்ல ஏறாதீங்கண்ணே, வலது பக்கப் படியில வாங்க'ன்னாரு. அன்னைக்கும் இதேதான் சொன்னாரு."

"அன்னைக்குக் கூப்பிட்டாரா? ஏன்யா சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

இரண்டு வருடம். ஒரு கேள்வி கேட்க ஒருவனுக்கும் வாய் வரவில்லை. அறிக்கையை மேலாளர் முன் நகர்த்தினேன்.

"அந்த வரிய அடிங்க. இப்பவே."

பேனாவை எடுத்துக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

மேசைத் தொலைபேசி ஒலித்தது.

அதன் விளக்கு எரியவில்லை. மின்சாரமும் வரவில்லை.

தம்பி மனைவி எழுந்து எடுத்தாள்.

அவள் அலறி மயங்கி விழுந்தாள், நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். பொய். பதினேழு நிமிடம் நின்றபடியே பேசினாள். "வெளிய வந்துட்டீங்களா?" என்றுதான் தொடங்கினாள்.