வெளிச்சத்துக்கு முதுகு

ஜன்னலோரத் தட்டில் இருந்த முப்பது குட்டிச் செடிகளும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது அருள்பிரகாசத்துக்கு முதலில் பயம் வரவில்லை. மனைவி மேல் எரிச்சல்தான் வந்தது.

"ஏட்டி, தட்டத் திருப்பி வச்சியா?"

"நான் எதுக்கு அதத் தொடுதேன்?" என்றாள் ஞானசெல்வி, அடுப்படியிலிருந்து.

அவர் நம்பவில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்து முப்பது வருடம் துறைமுகத்தில் சரக்கு சரிபார்த்தவர். யாரையும் நம்பாததைத்தான் தன் அறிவு என்று நினைத்திருந்தார். ராயபுரத்தில் அவர் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு நாளெல்லாம் ஏறி வருகிற கண்டெய்னர் லாரிகளின் உறுமலும், காசிமேட்டுக் கருவாட்டு வாடையும், கைப்பிடிச் சுவரில் படிகிற கரித்தூளும், தெருவில் போகிறவர்கள் உரக்கப் பேசுகிற தமிழும் அவருக்கு ஒரே குப்பை. மதித்தது ஒன்றைத்தான். அவரே உண்டாக்கிய செடியை.

சக்குலென்ட் வகை, இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வது. இரண்டு ஜாதிப் பூக்களைத் தூரிகையால் சேர்த்து, வந்த விதைகளில் ஒன்றே ஒன்று பிழைத்தது. சாம்பல் நிறத்தில் தடித்த இலைகள், ஈரல் நிறத்தில் விளிம்பு. இலையை அடியோடு அலுங்காமல் திருகியெடுத்து, காய்ந்த மணலில் தண்ணீர் காட்டாமல் போட்டு வைத்தால், மூன்று வாரத்தில் அதன் காம்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புதுச் செடி உட்கார்ந்திருக்கும். பிள்ளை என்று சொல்ல முடியாது. அதே செடிதான், இன்னொரு இடத்தில்.

தெரிந்தவர்களுக்கு ஏழெட்டுத் தொட்டிகள் கொடுத்திருந்தார். தாராள மனசில்லை. இவர்கள் கையில் அது செத்துப்போகும், அதைச் சொல்லிக் காட்டலாம் என்பதுதான்.

எர்ணாவூரிலிருந்து தையல்காரி ஜெரினா போன் செய்தாள். "சார், செடி நல்லாத்தான் கீது. ஆனா ஜன்னலாண்ட போவாம செவுத்தப் பாத்து சாயுது சார்."

"தண்ணிய ஊத்திக் கெடுத்திருப்ப. உனக்கெல்லாம் பிளாஸ்டிக் பூ போதும்."

மறுநாள், வண்ணாரப்பேட்டையில் நைட்டிக் கடை வைத்திருக்கும் ஷாகுல் ஹமீது. "சார், கடை வாசலு மேக்கால. வெயிலு அங்கதான் வருது. இது இன்னாடான்னா உள்ளாற, கெயக்கப் பாத்து சாஞ்சிகினு கீது. திருப்பி வச்சாலும் திரும்பிக்குது."

"உன் கடைக்கு அது போதும்யா" என்று வைத்துவிட்டார். ஆனால் கிழக்கு என்ற சொல் காதில் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஜெரினாவை அவரே அழைத்தார். எந்தப் பக்கத்துச் சுவர்?

"தெக்கால சார்."

எர்ணாவூருக்குத் தெற்கே, வண்ணாரப்பேட்டைக்குக் கிழக்கே. ராயபுரம்.

சிரித்துப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. மறுநாள் விடிந்ததிலிருந்து ஜன்னலுக்கு வெளியே பால்கனியில் நாற்காலி போட்டு, உப்புக்காற்று சட்டைக்குள் புகுந்து பிசுபிசுக்க, வேண்டுமென்றே பொழுதெல்லாம் அங்கேயே கிடந்தார். சாயங்காலம் எழுந்து பார்த்தால், முப்பது செடியும் ஜன்னலை நோக்கித் தலை சாய்த்திருந்தன.

"பாத்தியா! வெளிச்சத்துக்குத் திரும்பிட்டு. நீதான் ஏதோ பண்ணியிருக்க."

ஞானசெல்வி தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வெளிச்சத்துக்கு இல்ல. நீங்க அங்கன உக்காந்திருந்தீங்க."

அன்றைக்கே எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினார். இலைகள் பட் பட்டென்று ஒடிந்தன. பச்சை வெள்ளரிக்காய் வாடை கூடமெல்லாம் பரவியது. சாக்கில் கட்டி, இறங்கிப்போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தார்.

பார்க்க அழகான இலைகள். போகிறவர்கள் சும்மா விடுவார்களா?

ஒரு மாதத்தில் டீக்கடை மேஜையில் ஒன்று இருந்தது. ஆட்டோ கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று. இஸ்திரி வண்டியில், மாடிப்படியில், எதிர்வீட்டுக் கழிவறை ஜன்னலில். எல்லாம் அவர் வீட்டுப் பக்கம் சாய்ந்து. பொறுக்கித் தின்னும் கூட்டம் என்று திட்டினார். மெதுவாகத்தான் திட்டினார். வெளியே போவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் ஜெரினா தொட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். தலை இடது தோளில் சரிந்திருந்தது.

"கழுத்துல என்ன?"

"சுளுக்கு சார். ஒரே பக்கமா இசுக்குது. வூட்ல இருந்தா தெக்கால. பஸ்ல வர்றப்பகூட ராயபுரத்தாண்டதான் இசுத்துகினு இருந்திச்சி."

அவர் பக்கவாட்டில் இரண்டு எட்டு நகர்ந்தார். அவள் கண்கள் அசையவில்லை. கழுத்து அசைந்தது. இலை திரும்புகிற நிதானத்தில்.

"இப்ப வலி இல்ல சார்" என்றாள். நிம்மதியாக.

கதவைச் சாத்தித் தாழ்போட்டார். படியிறங்குகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார். கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஒன்றில்லை. பல மூச்சுகள்.

பிறகு லாரிகள் நின்றன.

உச்சி வெயில். ஹார்ன் இல்லை. பேச்சு இல்லை. இத்தனை வருடம் குப்பை என்று அவர் வெறுத்த சத்தம் அத்தனையும் ஒரேயடியாகப் போய்விட்டது. அதில் ஒன்று, ஒரே ஒன்று, கேட்டால் போதும் என்றிருந்தது. பால்கனிக்குப் போனார்.

தெரு நிறைய ஆட்கள். டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர்கள், கூடையோடு மீன்காரிகள், ஷாகுல் ஹமீது. கழுத்தெல்லாம் சரிந்து, முகமெல்லாம் மேலே. கண்ணில் நேராக வெயில். ஒருவரும் இமைக்கவில்லை.

இடப்பக்கம் நகர்ந்தார். தெரு இடப்பக்கம் சாய்ந்தது.

"ஞானம்" என்றார். அப்படி அவர் அவளைக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

கைப்பிடிச் சுவருக்குக் கீழே குந்தினார். முழங்காலைக் கட்டிக்கொண்டார். கீழே, தெருவில், மெல்லிய ஒரு முறுக்குச் சத்தம். நூறு கழுத்துகள் சேர்ந்து தாழ்கிற சத்தம்.

கூடத்திலும் அதே சத்தம்.

திரும்பினார். அடுப்படி நிலையில் ஞானசெல்வி. கையில் கரண்டி, குழம்பு சொட்டியபடி. கால்கள் நேராக நின்றன. இடுப்புக்கு மேலே உடம்பு வளைந்து, வளைந்து, அவர் முகத்துக்கு நேராக அவள் முகம் தரையோரம் வந்து நின்றது.

இமைக்கவில்லை.