கழுவாத முகம்

முதலில் ஈதான் வந்தது. சாயங்கால மழைக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஈர மண்ணும் பழம்புளியும் கலந்த வாடை மூக்கில் ஏற, ஜமுனாமரத்தூர் வாடகை அறையில் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்த கோகிலவாணியின் வலது கன்னத்தில் ஒரு ஈ ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. விரட்டினாள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே கன்னத்துக்கு வந்தது. சொரணை கெட்ட ஈ என்று திட்டினாள். சொரணை கெட்டது ஈக்கு இல்லை.

அந்தக் கன்னத்தில்தான் க்ரீம் போட்டிருந்தாள். மனுசத் தோலின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் நல்ல கிருமிகளை வளர்த்து, உயிரோடு டப்பாவில் அடைத்த க்ரீம். சோப்பு போட்டுப் போட்டுப் பட்டணத்துத் தோலில் செத்துப்போன கிருமியெல்லாம் மலைப்பெண்கள் தோலில் இருக்கும் என்று சென்னை கம்பெனியில் அசோக்குமார் சார் சொல்ல, ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்புவது போளூர்க்காரி கோகிலவாணியின் வேலை. துடைக்கிறவரைக்கும் முகத்தில் தண்ணி படக்கூடாது. அந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு அவள் செய்த அதிகாரம் தாசில்தாருக்குக்கூட வராது.

சில மாசம் முன்னால், மலையில் ஒரு ஊரில் குச்சி வரக் காத்திருந்தபோது, அந்த ஊர்க்காரன் வீரனின் பெண்டாட்டி செவ்வந்திக்குக் காய்ச்சல் வந்தது அந்த நேரம் பார்த்துத்தான். முகமெல்லாம் எரியுது, ஒரு கை தண்ணி அள்ளி ஊத்திக்கிறேனே அக்கா என்று கெஞ்சினாள். கூடவே கூடாது என்றாள் இவள். விடிவதற்குள் செவ்வந்தி போய்விட்டாள்.

கடைசிக் குளியலுக்கு மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் வந்தபோது மறித்தவளும் இவள்தான். பஞ்சுக் குச்சியும் ஐஸ் பெட்டியும் போளூரிலிருந்து ஜீப்பில் ஏறி வந்துகொண்டிருந்தன. கம்பெனிக் கணக்கில் ஒரு ஆள் குறைந்தால் வேலை நிரந்தரமாகாது, தையில் கல்யாணத்தை வைத்திருந்தாள். மூஞ்சியை விட்டுட்டு மத்ததைக் கழுவுங்க என்று, என்னமோ பாத்திரம் விளக்கச் சொல்கிற மாதிரி சொன்னாள். ஜீப் வந்து, பிணத்தின் கன்னத்தை அவள் துடைத்து முடிப்பதற்குள் பேய்மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணி ஏறுது, தூக்கு தூக்கு என்று ஆண்கள் அவசரப்படுத்த, கழுவாத முகத்தோடேயே செவ்வந்தியைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மாமியார்க்காரி, சின்னக்குழந்தை என்கிற கிழவி, மட்டும் குடத்துத் தண்ணியைக் கீழே கொட்டவில்லை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கோகிலவாணியையே பார்த்தாள்.

"மூஞ்சி கழுவாம போனவ போயே சேர மாட்டா. எப்பனா திரும்பி வருவா. வந்தா கழுவி அனுப்புறோம்."

அந்தக் குச்சியில் மட்டும் கிருமி பொங்கிப் பெருகியது என்று அசோக்குமார் சார் போனில் பூரித்துப்போனார். இன்னா தோலும்மா அது, யாருது என்றார். செத்தவளுடையது என்று இவள் வாயைத் திறக்கவில்லை. திறப்பாளா? அந்தக் கிருமியில் செய்த முதல் டப்பா பரிசாக இவளுக்கே வந்தது. தண்ணி படாமல் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

இப்போது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. கிள்ளினாள், வலிக்கவில்லை. விரல் அமுக்கிய பள்ளம் மாவில் பதிந்ததுபோல அப்படியே நின்றது. ஐயோ, தையில் மணவறையில் உட்கார வேண்டிய முகமாயிற்றே! கழுவிவிடலாம், சட்டமாவது மண்ணாவது என்று எழுந்து வாளியண்டை போனாள். சொம்பைத் தூக்கினாள். பாதியில் கை நின்றுவிட்டது.

முழங்கால் மடங்கவில்லை. சுவரோடு சரிந்து மல்லாக்க விழுந்தாள். சொம்பு உருளும் சத்தம் கேட்டது. ஓட்டில் மழை. பழம்புளி வாடை போய், தோண்டிப்போட்ட மண்ணின் வாடை. ஈ மூக்கைத் தாண்டி இடது கன்னத்துக்கு நடந்தது. அதுவும் தெரியவில்லை. இமையை மூடப் பார்த்தாள். மூடவில்லை.

வாசலில் சேற்றுக் காலடிகள். நிறைய.

கதவு திறந்தது. மலைப்பெண்கள். முன்னால் சின்னக்குழந்தை, இடுப்பில் அதே குடம்.

அப்பாடா, ஆள் வந்தாச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்குவார்கள் என்று நினைத்தாள் பாவி. சின்னக்குழந்தை குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அழாதவள் இன்றைக்கு அழுதாள்.

"செவ்வந்தி, வந்துட்டியா கண்ணு."

நான் கோகிலா. கோகிலா. நாக்கு அசையவில்லை.

மஞ்சள் தண்ணீர் முகத்தில் விழுந்தது. ஈரம் தெரியவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள், பிரியமாக. தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். நெற்றியில் காசு.

தூக்கும்போது கண்ணாடி எதிரே வந்தது. அதில் செவ்வந்தி. தோல் பளபளவென்று, அசோக்குமார் சார் ஆசைப்பட்ட மாதிரியே.

வெளியே மண்வெட்டிச் சத்தம் நின்றது. வீரனின் குரல் கேட்டது.

"தண்ணி ஏறுது, சீக்கிரம் எடுத்தாங்க."

தாடைக் கட்டை லேசாகத் தளர்த்தி வாயில் அரிசி போட்டார்கள். ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். துப்ப வேண்டும், துப்ப வேண்டும் என்று அவள் உள்ளே கத்திக்கொண்டிருந்தாள். ஈ வந்து திறந்த கண்ணின்மேல் உட்கார்ந்தது.