போர்டு திரும்பினால் மாத்திரை

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியமான உண்மை. சந்தேகம் இருப்பவர்கள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் படிக்கலாம். அப்போதும் உண்மையாகத்தான் இருக்கும்.

ஒரு முடிவெட்டும் கடை. கடைக்காரர் கையில் கத்தரியை எடுத்தால் காற்றுகூட ஒதுங்கி நிற்கும். ஒருநாள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, தும்முவதற்கு வாயைத் திறந்தார். தும்மல் வருவதற்குள் முடியை வெட்டி, கழுத்தில் பவுடர் போட்டு, அவரை வாசல்வரை அனுப்பியும் விட்டார் கடைக்காரர். தும்மல் அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

கடைக்காரருக்கு ஒரு மகள். நாலாம் வகுப்பு. கடையின் கண்ணாடிக் கதவில் தொங்கும் போர்டைத் திருப்புவது அவள் பொறுப்பு. ஒரு பக்கம் ‘திறந்திருக்கிறது’, மறுபக்கம் ‘மூடியிருக்கிறது’. அதனால் எல்லாரும் அவளை மேனேஜர் என்றே கூப்பிட்டார்கள்.

“மேனேஜர், ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைம்மா.”

“அதுக்கு மேல வெச்சா கடை பறந்துடும் மாமா.”

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடையில், அப்பாவின் விரல்களுக்கு மூட்டுவாதம் வந்தது. காலையில் விரல் மூட்டெல்லாம் வீங்கி விறைத்துக் கிடக்கும். கத்தரியின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாது.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். “இது மெதுவாத்தான் வேலை செய்யும். வாரத்துல ஒரே ஒரு நாள். மறந்துட்டாக்கூட என்கிட்ட கேளுங்க. நீங்களா கூடுதலா மட்டும் போட்டுடாதீங்க. அப்பப்போ வந்து ரத்தப் பரிசோதனையும் பண்ணிக்கணும்.”

ரயிலில் டிக்கெட் பரிசோதகரான அம்மா பாதி நாள் வெளியூரில் இருப்பார். அதனால் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையும் மேனேஜருக்கு வந்தது. அப்பா அதற்கு ஒரு சுலபமான வழி சொன்னார்.

“திங்கட்கிழமை கடை லீவு. நீ போர்டை நாள் முழுக்க ‘மூடியிருக்கிறது’ன்னு திருப்பி வெக்கிற நாள்தான் மாத்திரை நாள். சரியா?”

“போர்டு திரும்பினா மாத்திரை!” என்றாள் மேனேஜர்.

மாதங்கள் ஓடின. வீக்கம் குறைந்தது. கட்டைவிரல் கத்தரிக்குள் நுழைந்தது. மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. தன்னால்தான் விரல் சரியானது என்று பென்சில் டப்பாவிடம்கூடச் சொல்லிவைத்திருந்தாள்.

அப்புறம் ஒரு வாரம், தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. கடை வாசலில் பெரிய பள்ளம் தோண்டினார்கள். அது எவ்வளவு ஆழம் என்றால், உள்ளே இறங்கியவர்கள் மேலே வருவதற்குள் அவர்களுக்குத் தாடி வளர்ந்துவிட்டது. ஆனால் சவரம் செய்யக் கடை திறந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கமான லீவு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமையும் கடை மூடல். போர்டு திரும்பியே இருந்தது. மேனேஜர் மாத்திரையை நீட்டினாள். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமையும் அப்படியே.

வியாழக்கிழமை அப்பாவால் டீ குடிக்க முடியவில்லை. வாயெல்லாம் புண். “உடம்பு ஒரு மாதிரியா இருக்கு” என்று படுத்துவிட்டார். மாத்திரை அட்டையும் காலி. அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் பக்கத்து மருந்துக் கடைக்கு ஓடினாள்.

மருந்துக் கடை அக்கா அட்டையைப் பார்த்தார். முகம் மாறியது.

“போன வாரம்தானே வாங்கிட்டுப் போனீங்க? அதுக்குள்ள எப்படித் தீர்ந்தது?”

‘பள்ளத்தில் விழுந்துவிட்டது’ என்று சொல்லலாம். அந்தப் பள்ளத்தில் எது விழுந்தாலும் யார் போய்த் தேடப்போகிறார்கள்? பொய் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. ஆனால் அப்பா டீயைக் கீழே வைத்த விதம் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

“நான்தான்க்கா தினமும் குடுத்தேன். கடை மூடியிருந்துச்சுன்னு குடுத்துட்டேன். அப்பாவுக்கு வாயெல்லாம் புண்ணா இருக்கு.”

அக்கா திட்டவில்லை. “நல்லவேளை சொன்னே. அட்டையைத் தூக்கிப் போடாதே, கையிலயே வெச்சுக்கோ” என்றபடி ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். கடை ஷட்டரை இழுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இருவரையும் ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மாத்திரையின் வேகத்தை அடக்க வேறு மருந்து கொடுத்தார்கள். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்” என்று டாக்டரம்மா அக்காவிடம் மெதுவாகச் சொன்னது மேனேஜர் காதில் விழுந்தது.

அவள் கட்டிலருகே போய் நின்றாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

“அப்பா, நான்தான்…”

“மேனேஜர், எனக்குப் படிக்கத் தெரியாதா?” அப்பாவுக்குப் பேசவே வலித்தது. “அட்டைமேல வாரம் ஒரு தடவைன்னு எழுதியிருக்கே. செவ்வாய்க்கிழமை நீ நீட்டினப்பவே தப்புன்னு தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்.”

“ஏம்ப்பா?”

“கூடப் போட்டா விரல் சீக்கிரமே பழையபடி ஓடுமோன்னு ஒரு பேராசை.”

“வேணாம்னு சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொல்லியிருக்கலாம்” என்றார் அப்பா. “உன் கையால வாங்கிப் போட்டேன் பாரு, அதுதான்டா மனசை அறுக்குது.”

மேனேஜர் போர்வையை அப்பாவின் தோள்வரை இழுத்துவிட்டாள்.

சில நாள் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். ஆனால் ரத்தம் சரியாகும்வரை அந்த மாத்திரை கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விரல்கள் மறுபடியும் வீங்கின. அப்பாவின் சட்டைப் பொத்தான்களை மேனேஜர்தான் போட்டுவிட்டாள். பள்ளத்தை மூடி, தெருவில் வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகும் போர்டு மட்டும் ‘திறந்திருக்கிறது’ பக்கம் திரும்பவில்லை. பள்ளிக்குப் போகும்போது அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தாள்.

ஒருவழியாக, மாத்திரையை மறுபடியும் தொடங்க டாக்டரம்மா சம்மதித்தார். மருந்துக் கடை அக்கா மாத்திரைப் பெட்டியின்மேல் ‘திங்கள் மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை இரவு மேனேஜர் அதை உரக்கப் படித்தாள், பிறகு அப்பா உரக்கப் படித்தார், அதற்கப்புறம்தான் மாத்திரை வெளியே வந்தது. கடையும் திறந்தது, கத்தரி கொஞ்சம் நிதானமாக ஓடினாலும்.

“அந்த வாரம் என்னதான் ஆச்சு உங்களுக்கு?” என்று நாற்காலியில் உட்காருகிற எல்லாரும் கேட்டார்கள். அப்பா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

“நானேதான் எடுத்துப் போட்டுக்கிட்டேன். மேனேஜர் அந்த வாரம் ஊர்லயே இல்ல, பள்ளிக்கூடத்துல சுற்றுலா கூட்டிட்டுப் போயிருந்தாங்க.”