ஸ்ரீரங்கத்தில் மட்டும் குணமான நகங்கள்

செல்லக்கிளியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த தோல் மருத்துவர் பானுமதி, நாற்காலியில் உட்காரும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார். கால் நகத்தில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு ஒரு புது மருந்தை அவர் சோதித்து வருகிறார். நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்பது மருந்துக் கம்பெனிக்கு மட்டுமே தெரியும். அவருடைய தென்னூர் கிளினிக்கில் கணக்கு ஒழுங்காக வந்தது. ஸ்ரீரங்கத்தில் மட்டும் வெறும் திரவம் பூசியவர்களுக்கும் பூஞ்சை போய்விட்டதாம்.

"நான் முடிவைத் திருத்திட்டேன்னு கம்பெனி சொல்லுது. நாளைக்கு விசாரணைக் குழு கூடுது. என்னைத் தள்ளி வெச்சுட்டா இனி எந்த ஆராய்ச்சியும் பண்ண முடியாதுங்க."

மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற செல்லக்கிளி எதற்கும் அசைகிறவர் இல்லை. அவருடைய கூட்டாளி நவநீதன் நேர்மாறு. யாரோ பாட்டிலை மாற்றிவிட்டார்கள் என்று காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை, ஸ்ரீரங்கம் கிளினிக்குக்கு டாக்டர் வரும் நாள். நவநீதன் பாட்டில் முத்திரைகளைச் சோதித்தான், எதுவும் கலையவில்லை. செல்லக்கிளி நோயாளிகளின் கால்களைப் பார்த்தார். எல்லார் நகமும் ஒட்ட வெட்டியிருந்தது. பிறகு நர்ஸ் அற்புதம்மாளின் தட்டைப் பார்த்தார். சுரண்டும் கத்தி தேய்ந்திருந்தது. நகவெட்டி உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. முதல் பரிசோதனை எப்போது நடந்தது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை முகாமில் என்றார் நர்ஸ்.

"பாட்டில்ல ஒண்ணுமில்ல நவநீதன். விஷயம் கிழமையில இருக்கு," என்றார் செல்லக்கிளி.

டாக்டரையும் நர்ஸையும் உட்காரவைத்து விளக்கினார். "பூஞ்சை நகத்துக்கு அடியில இருக்கும். நகத்தை வெட்டி, அடியிலேருந்து தூள் எடுத்தாத்தான் லேப்ல தெரியும். முகாம் ஞாயிறு, தென்னூர் கிளினிக் திங்கள். அங்கெல்லாம் வெட்டவிட்டாங்க. வெள்ளிக்கிழமை யாராவது நகம் வெட்டுவாங்களா? டாக்டர்கிட்ட அசிங்கமா காட்டக் கூடாதுன்னு வியாழக்கிழமையே வீட்டுல ஒட்ட வெட்டிட்டு வராங்க. இங்க மேலாகச் சுரண்டி அனுப்பறீங்க. பூஞ்சை இருக்கற நகம் வீட்டுக் குப்பைக்குப் போயிடுது, லேப்ல பூஞ்சை இல்லைன்னு வருது."

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கட்டாயப்படுத்தினால் நோயாளிகள் அடுத்த தடவை வரமாட்டார்களோ என்று பயந்ததாகச் சொல்லி அற்புதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மோசடி இல்லை, டாக்டர் தப்பித்தார் என்று நவநீதனுக்கு ஒரே குஷி. பானுமதியின் முகம்தான் வெளிறிப்போனது.

"அப்போ இங்க யாருக்குமே குணமானது நிச்சயமில்லைங்க. சர்க்கரை நோயாளிகளும் இருக்காங்க. போதும்னு சொல்லி மருந்தை நிறுத்திட்டேன்."

குழுவிடம் இதையும் தானே சொல்லப்போவதாகச் சொன்னார். எந்தக் கிழமை வரவேண்டும், நகம் எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இனி சோதனையின் விதியாகவே இருக்கும். ஸ்ரீரங்கம் முழுவதும் மறுபடி பார்க்க வேண்டும். யார் அனுமதிக்கும் காத்திருக்காமல் கைபேசியை எடுத்து முதல் நோயாளியை அழைத்தார்.

"தங்கையன் சாருங்களா? டாக்டர் பானுமதி பேசறேன். உங்களுக்குக் குணமாயிடுச்சுன்னு போன மாசம் சொன்னேன். தப்பா சொல்லிட்டேங்க. நகத்தை வெட்டாம விடுங்க. நானே வந்து பார்க்கறேன்."