கல்யாண வருஷத்து ஒயின்

மதியம் இரண்டு மணிக்கே ரிங்லெட் மேட்டில் பனி இறங்கிவிட்டது. எஸ்டேட் பங்களா முன் காரை நிறுத்திய மகன் ரயன், "சீக்கிரம் வந்துருங்க மா. மூணு மணிக்கு மேனேஜர்கிட்ட பங்களா சாவியத் திருப்பிக் கொடுக்கணும் லா," என்றான்.

ஆரோக்கியம்மாள் தனியாக நிலவறைக்கு இறங்கினாள். ஈர மண்ணும் பழைய தக்கையும் கலந்து மணத்தன. அலமாரிகள் காலி. ஒரு போத்தலை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருந்தாள்.

அவள் கணவர் ஞானசுந்தரம் தோட்டத் தொழிற்சாலையில் நாற்பது வருடம் தேயிலை ருசி பார்த்தவர். ஒயினையும் அப்படியேதான். 'சுர்ர்' என்று ஊருக்கே கேட்க உறிஞ்சுவார், வாளியில் துப்புவார். "நாவல்பழம். கொஞ்சம் புகை," என்பார். அவர் கையெழுத்து கோழிக் கிறுக்கல். அதனால் நோட்டில் எழுதுவது அவள். ஆனால் ஒரு சொட்டும் தொட்டதில்லை. குழந்தையில் நோயில் கிடந்த ரயன் பிழைக்க மாதாவிடம் செய்த பொருத்தனை அது.

தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தபின் அவருக்கு ருசி போய்விட்டது. கல்யாண வருஷத்து ஒயின் இரண்டு போத்தல் இருந்தது. ஒன்றைத் திறந்து உறிஞ்சியவர் கோப்பையை அவளிடம் நீட்டினார்.

"ஒண்ணும் தெரியல ஆரோக்கியம். நீ ஒரு வாய் குடிச்சுச் சொல்லேன்."

கோப்பையை உதட்டருகே கொண்டுபோய் இறக்கிவிட்டு, "நல்ல இனிப்புங்க," என்றாள். அதையே எழுதினாள். அவர் அவளையே பார்த்தார். பொய் என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டார். சாகிறவர் கேட்ட ஒரு வாயை மறுத்தோமே என்று எட்டு மாதமாக அவளுக்குத் தூக்கமில்லை.

இன்று அந்தப் பொய்யைத் திருத்த வேண்டும்.

அந்த இரண்டாவது போத்தலைத் திறந்து, பழக்கத்தில் அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள். தன்னுடையதைக் குடித்தாள். தொண்டை எரிந்தது. ஒயின் கெட்டுக் காடியாகியிருந்தது. நோட்டில் 'இனிப்பு' என்பதை அடித்து, 'புளிப்பு' என்று எழுதினாள். எழுத்தின்மேல் கண்ணீர் விழுந்தது.

சுர்ர்.

முதுகுக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை. வாளியில் துப்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

விழுங்கும் சத்தம்தான் வந்தது.

"என்னங்க," என்று கிசுகிசுத்தாள். "மன்னிச்சிருங்க."

மேலே ரயன் ஹாரன் அடித்தான். திரும்பினாள். யாருமில்லை. அவர் கோப்பை காலி.

நோட்டில் 'புளிப்பு' அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே, கோழிக் கிறுக்கலில், மை இன்னும் காயாத ஒரு வரி.

'இனிப்புதான். இன்னொரு வாய் ஊத்து, ஆரோக்கியம்.'

ஹாரன் மறுபடி அடித்தது.